இன்னாசிக்குப் போடாத மண்

லாசர்துறையில் இன்னாசிக்கு அடக்கம் வைத்த அன்று பெட்டிக்குள் இன்னாசி இல்லை, அவனுடைய கல்யாணச் சட்டை மட்டும்தான் இருந்தது, இருந்தாலும் பெட்டியைத் தூக்கிப் போனவர்கள் எல்லோரும் ஆள் கனம் கனத்ததாகவே பிறகு சொன்னார்கள். கார்த்திகை மாதம் காற்று மாறியடித்த ஒரு விடியலில் அவனும் தொம்மையும் போன பைபர் வள்ளம் கவிழ்ந்தது. தொம்மை ஒரு மண்ணெண்ணெய்க் கேனைக் கட்டிப்பிடித்து மிதந்துகிடந்து, விசைப்படகுக்காரர்கள் கண்ணில் பட்டுக் கரை வந்து சேர்ந்தான். இன்னாசி வரவில்லை. ஊர் வள்ளங்கள் எல்லாம் தேடிப் போய்த் திரும்பின, அரசாங்கத்துக் கப்பல் தேடிப் போய்த் திரும்பியது, கிறிஸ்துமஸ் வந்து போனது, தவக்காலம் வந்தது, கடல் ஒரு செருப்பைக்கூடத் திருப்பித் தரவில்லை.

இன்னாசியின் தாய் சலேத்தம்மாள் கருவாடு போட்டு விற்கிறவள். புருஷன் செத்தபிறகு சுனாமி குடியிருப்பில் கொடுத்த வீட்டின் மொட்டைமாடியில் மீனைக் காயவைத்து, அதிலேயே மகனை வளர்த்து, மகனுக்கு ஜெசிந்தாவைக் கட்டிவைத்து, அவர்களுக்குப் பிறந்த அபிஷாவை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள். மகன் போனபிறகும் அவள் தினமும் அவனுக்குச் சோறு எடுத்து வைத்தாள், மறுநாள் அதில் தண்ணீர் ஊற்றித் தானே குடித்தாள். ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஈஸ்டர் முடிந்த வாரத்தில் பங்குச்சாமியிடம் போய், அடக்கம் வைத்துவிடலாம் என்று கேட்டவள் ஜெசிந்தாதான். தாலியோடு இருக்கிறதா கழற்றுகிறதா என்று தெரியாமல் இருக்கிறது சாமி, யாராவது வாசலில் செருப்பைக் கழற்றினால் எழுந்து ஓடுகிறேன் என்று அவள் சொன்னதாகக் கோயில் உபதேசியார் பிறகு ஊருக்குள் சொன்னார். சலேத்தம்மாள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணச் சட்டையை மட்டும் தானே துவைத்து, தானே தேய்த்து, பித்தான் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தாள்.

அந்த ஊர்க் கல்லறைத் தோட்டம் தேரி மண். ரத்தச் சிவப்பு. குழிக்குள் பெட்டியை இறக்கி, சாமி தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி முடித்ததும் வழக்கம்போல எல்லோரும் ஆளுக்கொரு பிடி மண்ணை வலது கையில் அள்ளிக்கொண்டார்கள். முதல் பிடி பெற்றவள் போடவேண்டும். சலேத்தம்மாள் குழியோரம் வந்து நின்று கையை நீட்டினாள். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது, விரல்கள் விரியவில்லை. ஜெசிந்தா நீட்டினாள், விரியவில்லை. சாமி நீட்டினார், உபதேசியார் நீட்டினார், தொம்மை நீட்டினான், வெளியூரிலிருந்து வந்திருந்த சொந்தக்காரர்கள் நீட்டினார்கள், குழியைச் சுற்றி ஊரே கையை நீட்டிக்கொண்டு நின்றது, ஒரு கையிலிருந்தும் ஒரு பொட்டு மண் விழவில்லை. மத்தியான வெயில் தலையைப் பிளந்தது. யாரும் கூச்சல் போடவில்லை. பெற்றவளுக்கு மனசு வரவில்லை, அதனால் கை வரவில்லை, நமக்கும் வரவில்லை என்று ஒரு கிழவர் சொன்னார், அதற்குமேல் அதில் பேச ஒன்றும் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் பசிக்கு அழத் தொடங்கியதும் ஒருவர்பின் ஒருவராக மூடிய கையோடு வீட்டுக்குப் போனார்கள். குழியின்மேல் ஒரு தார்ப்பாயை விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்தார்கள்.

மறுநாளும் கைகள் திறக்கவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. ஊர் இடது கைக்கு மாறியது. உபதேசியார் இடது கையால் மணி அடித்தார், மணி கொஞ்சம் தாமதமாக, யோசித்து யோசித்துப் பேசுகிறவன் மாதிரி ஒலித்தது. பூசையில் சாமி இடது கையால் அப்பத்தை உயர்த்தினார், ஆயர் இல்லத்தில் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு நேரில் வந்து பார்த்துவிட்டு அப்படியே நடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆண்கள் ஒருவனுக்கு இருவராகச் சேர்ந்து வலையை மேலே இழுத்தார்கள், மீன்பாடு பாதியாகக் குறைந்தது. மீன்காரிகள் மூடிய முஷ்டியைச் சும்மாட்டுக்கு அண்டக் கொடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள், கண்டக்டர் முதல் வாரம் சிரித்தார், இரண்டாவது வாரத்திலிருந்து டிக்கெட்டை அவர்கள் இடுப்பில் அவரே செருகிவிட்டார். அடக்கத்துக்கு வந்துவிட்டுக் குவைத்துக்குத் திரும்பிய இன்னாசியின் மச்சானை விமான நிலையத்தில் நிறுத்தி, கையில் என்ன என்று கேட்டார்கள். எங்கள் ஊர் மண் என்றான். திறக்கச் சொன்னார்கள், இரண்டு பேர் விரலைப் பிரித்துப் பார்த்தார்கள், முடியாமல் முத்திரை குத்தி அனுப்பிவைத்தார்கள். ஆனி மாதம் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் இடது கையும் அவன் அக்காளின் இடது கையுமாகச் சேர்ந்து தாலி கட்டினார்கள். அன்றைக்கு மண் அள்ளாத சின்னப் பிள்ளைகளின் கை மட்டும் விரிந்திருந்தது, அதனால் ஊசியில் நூல் கோக்க, பித்தான் பூட்ட, மாத்திரையைப் பிரிக்க எல்லா வீட்டிலும் அவர்களைத்தான் கூப்பிட்டார்கள்.

கொஞ்ச நாளில் இன்னொன்றும் தெரிந்தது. கைகள் மூடியிருந்தது மட்டுமல்ல, ஒரே நேரத்தில் இறுகின, ஒரே நேரத்தில் தளர்ந்தன. விடியலில் வள்ளங்கள் கரை அணைகிற நேரத்தில் சலேத்தம்மாள் மொட்டைமாடியிலிருந்து கடலைப் பார்ப்பாள், அப்போது ஊரில் எல்லோருடைய முஷ்டியும் நகம் உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு இறுகும், கடைசி வள்ளமும் வந்து சேர்ந்து அதிலும் அவன் இல்லை என்று ஆனதும் மெல்லத் தளரும். அடுப்பில் நிற்கிறவள், பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவர், கடையில் சாமான் கட்டுகிறவர் எல்லோரும் அந்த நேரத்தில் ஒரு நொடி வேலையை நிறுத்திவிட்டு, சலேத்து பார்க்கிறாள் என்று சொல்லிக்கொள்வார்கள். அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா, மகன் ஞாபகம் வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாளா என்பதெல்லாம் அவளிடம் கேட்காமலே ஊருக்குத் தெரிந்தது.

நகரத்து மருத்துவக் கல்லூரியிலிருந்து ஹேமலதா என்று ஒரு இளம் டாக்டர் ஜீப்பில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து, தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி, ஒரு பெட்டியில் கோடுகள் ஓடுவதைப் பார்த்தாள். சலேத்தம்மாளின் கோடு ஏறும்போது எல்லோருடைய கோடும் ஏறியது, இறங்கும்போது எல்லாம் இறங்கியது. ஒரு காரியத்தைச் சேர்ந்து செய்கிறவர்களின் மூளை இப்படி ஒத்துப்போவது உண்டு என்றும், ஆனால் இவர்களுடையது செய்கிறதில் ஒத்துப்போகவில்லை, செய்யாமல் அடக்கி வைப்பதில் ஒத்துப்போகிறது என்றும் அவள் சாமியிடம் சொன்னாள். கையைத் திறப்பதைவிடத் திறக்காமல் வைத்திருப்பதுதான் மூளைக்குப் பெரிய வேலை, இந்த அம்மாள் ஒரு நிமிஷம்கூட ஓய்வெடுக்கவில்லை என்றாள். போகும்போது சலேத்தம்மாளின் முஷ்டியைத் தன் இரண்டு கையாலும் பொத்திக் கொஞ்ச நேரம் நின்றாள். மருந்து எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். வைகாசியில் தொம்மையின் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறந்திருந்தது, பாடு குறைந்து வீட்டில் கஷ்டம். ஊரில் சிலர் தூண்டிவிட்டதில் அவன் ஒருநாள் சலேத்தம்மாளின் வாசலில் வந்து நின்றான். மூடிய கையை அவள் முன்னால் நீட்டினான். சலேத்தம்மாளே சொன்னாள்.

"நான் புடிச்சு வைக்கல தொம்மை. விடத்தான் பாக்கேன். விட வரமாட்டேங்கு."

தொம்மை அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான். கடலில் இன்னாசியின் கையைப் பிடித்திருந்ததையும், ஒரு அலை வந்து போனபிறகு கையில் ஒன்றும் இல்லாமல் போனதையும் அவன் அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளிடம் சொன்னான். பிடிக்கத்தான் பார்த்தேன் என்றான். சலேத்தம்மாள் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அதன்பிறகு கோபத்தோடு யாரும் அந்த வாசலுக்கு வரவில்லை.

அதற்குப் பதிலாக வேறு ஒன்று நடந்தது. கையில் மண்ணோடு நாள் போகப் போக ஒவ்வொருவருக்கும் தாங்கள் முன்னே போட்ட மண்ணெல்லாம் ஞாபகம் வந்தது. கடை வைத்திருந்த கயித்தான், பெண்டாட்டி செத்தபோது மழை வருகிறதே என்று அவசர அவசரமாக மண்ணைத் தள்ளிவிட்டு வந்ததை நினைத்துக் கடையை அடைத்துவிட்டு அழுதார். பிறந்து பெயர் வைக்காமலே போன பிள்ளைக்காக ஒருத்தி தன் முஷ்டியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தூங்கினாள். திறக்காமலே இருந்தால்தான் என்ன என்று சிலர் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்கள். தேரி மண்ணின் சிவப்பு வியர்வையில் ஊறி எல்லோருடைய மணிக்கட்டிலும் வளையல்போல இறங்கியிருந்தது, கழுவினாலும் போகவில்லை, கழுவவும் யாரும் மெனக்கெடவில்லை.

ஆனால் குழி திறந்துகிடந்தது. ஆடிக் காற்று தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போய், ஊர் போடாத மண்ணைத் தானே அள்ளிவந்து குழிக்குள் போட்டது. சலேத்தம்மாள் போய் இடது கையால் அதை வழித்து வெளியே எறிந்துவிட்டு வருவாள். ஐப்பசியில் மழை பிடித்தபிறகு குழியில் தண்ணீர் நின்றது, அப்போது வாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஜெசிந்தா போய் இறைத்தாள். மண்ணை மாமி எடுத்தாள், தண்ணீரை மருமகள் எடுத்தாள், இருவரும் ஒருவரோடொருவர் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை, ஒரு நாள் ஜெசிந்தா இடுப்புவரை சேறாக வந்து வாசலில் நிற்கும்வரை.

"மாமி, மழை பெய்ஞ்சா பெட்டி மிதக்கு. ஒரு தடவ தண்ணியில போனவுக. ஒவ்வொரு மழைக்கும் அவுக தண்ணியில போறத நான் நின்னு பாக்கேன். என்னால முடியல மாமி."

சலேத்தம்மாள் முறத்தில் கருவாடு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஊரில் எல்லோருடைய கையும் ஒரு தடவை நடுங்கியது. முறத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவள், கல்லறைத் திருநாளுக்கு விடுகிறேன் பிள்ளே என்றாள். அவனிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு விடுகிறேன், சொல்லாமல் விடத்தான் எனக்கு முடியவில்லை என்றாள்.

செய்தி ஊருக்குள் போனது. கல்லறைத் திருநாளுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள், கல்லறைகளைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி வாங்கி வைத்தார்கள், குவைத்துக்குப் போன் போட்டு நேரத்தைச் சொன்னார்கள். சலேத்தம்மாள் மகனிடம் சொல்ல வேண்டியதை யோசிக்கத் தொடங்கினாள். மீனைக் கழுவும்போது யோசித்தாள், உப்புப் போடும்போது யோசித்தாள். சில நாள் உதடு அசைவதை ஜெசிந்தா பார்த்தாள், பக்கத்தில் போனால் நிறுத்திவிடுவாள். ஊரில் எல்லோருக்கும் கை கொஞ்சம் கொஞ்சமாக இளகிவருவது தெரிந்தது. கடுமையாகக் கோபித்திருந்த ஒருவர் மனசு இறங்கிவருவதுபோல அது இருந்தது என்று கயித்தான் சொன்னார்.

திருநாளுக்கு முந்தின வாரத்தில் மழை விட்டு ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது. சலேத்தம்மாள் மொட்டைமாடியில் பாய் விரித்துச் சாளைக் கருவாட்டை இடது கையால் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வீடுகளுக்கு மாடியில் கைப்பிடிச் சுவர் கிடையாது. கீழே தூங்கிக்கொண்டிருந்த அபிஷா விழித்து, ஒவ்வொரு படியாகத் தவழ்ந்து ஏறி மேலே வந்திருந்தாள். அவளுக்கு இரண்டு வயது முடியவில்லை. கருவாட்டுக்கு வந்த காக்கையைப் பார்த்து, அதை விரட்டுகிறேன் என்று கையைத் தட்டிக்கொண்டே ஓடினாள். காக்கை விளிம்பில் போய் உட்கார்ந்தது, பிறகு பறந்தது. பிள்ளை நிற்கவில்லை.

சலேத்தம்மாள் பாய்ந்தாள். பிள்ளையின் கால் அந்தரத்தில் இருந்தபோது அவளுடைய வலது கை போய் அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தது.

அந்த நொடியில் ஊரில் எல்லாக் கைகளும் திறந்தன. கோயில் மணிக்கூண்டின்கீழே உபதேசியாரின் கையிலிருந்து மண் விழுந்தது, கயித்தானின் கல்லாவின்மேல் விழுந்தது, பள்ளிக்கூடத்து மேசையில் விழுந்தது, பஸ்ஸில் மீன்காரிகளின் மடியில் விழுந்தது, குவைத்தில் மச்சான் சாமான் அடுக்குகிற ஒரு கிட்டங்கியின் சிமெண்டுத் தரையில் விழுந்தது, நடுக்கடலில் தொம்மையின் கையிலிருந்து தண்ணீரில் விழுந்து, கொஞ்ச நேரம் சிவப்பாக நின்று, கரைந்தது. திறந்த கைகள் உடனே மூடின. மூடியபோது எல்லோருடைய கைக்குள்ளும் ஒரு குழந்தையின் மணிக்கட்டு இருந்தது, மெல்லிய எலும்பு, சூடு, துடிப்பு. ஒரு மூச்சு நேரம் ஊரே அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது. கைகள் அவரவர் கைகளாகிவிட்டன.

ஜெசிந்தா அப்போது குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பிடி மண் பெட்டியின்மேல் விழுந்தது. உள்ளங்கையில் வந்த மணிக்கட்டு யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரிந்துவிட்டது. வாளியை விட்டுவிட்டுக் குழிக்கரையைப் பிறாண்டி ஏறி, சேறும் சிவப்புமாக ஊர் நடுவில் ஓடினாள், வீட்டு மாடிப்படியில் விழுந்து எழுந்து மேலே வந்தாள். சலேத்தம்மாள் கருவாட்டுக்கு நடுவில் பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை அழுது ஓய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. அதன் மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. பக்கத்தில் தரையில் ஒரு பிடி சிவப்பு மண் சிதறிக்கிடந்தது, காற்று அதில் பாதியை ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் சலேத்தம்மாள். பிறகு, "சொல்லிட்டு விடணும்னு இருந்தேன். எல்லாம் யோசிச்சு வச்சிருந்தேன் பிள்ளே. ஒரு வார்த்த சொல்லல. விட்டுட்டேன்" என்றாள்.

ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் மணிக்கட்டிலிருந்து மாமியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். பிள்ளையின் தோலில் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

"என் மண்ணு அவுக பெட்டி மேலதான் விழுந்துச்சு மாமி."

"சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

சலேத்தம்மாள் மகன் போனதிலிருந்து அழாதவள். அன்றைக்கு அழுதாள். ஜெசிந்தா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள், பிள்ளை இருவருக்கும் நடுவில் நசுங்கி முனகியது, காக்கைகள் திரும்பி வந்து கருவாட்டைத் தின்றன, யாரும் விரட்டவில்லை.

ஊர் தன்பாட்டுக்கு மண்ணைக் கூட்டி எடுத்தது. கல்லாவிலிருந்தும் மேசையிலிருந்தும் மடியிலிருந்தும் கூட்டி, காகிதத்திலும் முந்தானையிலும் முடிந்து, சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்தத் தடவை ஒருவர் போட்டு முடித்தபிறகு ஒருவர் வந்தார், சிலர் சீக்கிரமாகப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள், சிலர் போட்டபிறகும் நின்றார்கள், மண் விழுந்த சத்தம் முன்னும் பின்னுமாக, ஒன்றோடொன்று சேராமல் கேட்டது. தொம்மை வெறுங்கையோடு வந்தான். என் மண் கடலில் விழுந்துவிட்டது பெரியம்மா என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். சலேத்தம்மாள் அவன் கையை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"அவன் கைக்குப் போயிருக்கும்" என்றாள்.

பிறகு மண்வெட்டிக்காரர்கள் குழியை மூடினார்கள். சாமி செபம் சொன்னார். சலேத்தம்மாள் குழியோரம் நின்று, யோசித்து வைத்திருந்ததைச் சொல்லப் பார்த்தாள். அது திறந்த குழியிடம் சொல்ல யோசித்தது, மூடிய மண்ணிடம் சொல்ல வரவில்லை. ஜெசிந்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாமியின் முழங்கையைப் பிடித்து வீட்டுக்கு நடத்திப் போனாள்.

மறுநாளிலிருந்து கோயில் மணி சரியான நேரத்துக்கு அடித்தது. வலைகள் பழைய கனத்தோடு ஏறின, பிள்ளைகள் விளையாடப் போனார்கள், மணிக்கட்டில் இறங்கியிருந்த சிவப்பு இரண்டு மூன்று குளியலில் போய்விட்டது. விடியலில் வள்ளங்கள் கரை அணைகிற நேரத்தில் அடுப்பில் நின்றவர்களும் கடை திறந்தவர்களும் பழக்கத்தால் ஒரு நொடி வேலையை நிறுத்தித் தங்கள் கையைப் பார்த்தார்கள். கை சும்மா இருந்தது. சலேத்தம்மாள் மாடியில் நின்று பார்க்கிறாளா, பார்ப்பதை விட்டுவிட்டாளா, இப்போது அவளுடைய கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.